லேனாவின் அக்கரையில் ஐந்து நாள்

முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுத்தேன். சைபீரியா பாடம் வரும்போது "ஓப், யெனிசெய், லேனா" என்று மூன்று ஆறுகளையும் ஒரே மூச்சில் சொல்லி, மூன்றும் வடக்கே ஓடி ஆர்க்டிக் பெருங்கடலில் கலக்கின்றன என்று முடித்துவிடுவேன். பரீட்சையில் இரண்டு மார்க். 'வடக்கே ஓடுகிறது' என்ற அந்த இரண்டு சொல்லுக்குள் ஓர் ஊரையே மூழ்கடிக்கிற விஷயம் இருக்கிறது என்பது, ஓய்வுபெற்ற பிறகு லேனாக் கரையில் ஐந்து நாள் மாட்டிக்கொண்டபோதுதான் புரிந்தது.

கூட வந்தது என் தம்பி. 1980-களில் மாஸ்கோவில் பொறியியல் படித்தவன். ரஷ்ய மொழி இன்னும் நாக்கில் இருக்கிறது. "ரிட்டயர் ஆனதும் உன்னை சைபீரியாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்க்கா" என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான்தான் லேனாவைத் தேர்ந்தெடுத்தேன். சுமார் 4,300 கிலோமீட்டர் நீளத்தில் அதன் பிரதான ஓட்டத்தின் குறுக்கே ஓர் அணைகூட இல்லை. இவ்வளவு பெரிய ஆறு யாரும் தடுக்காமல் ஓடுவதை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை.

பயணத்துக்கு ஏற்பாடு செய்துகொடுத்தவர், "இப்போ யாகுட்ஸ்க் வரைக்கும் ரயில் இருக்கு" என்றார். மே மாதம் மூன்றாவது வாரத்துக்கு டிக்கெட் எடுத்தோம். தெற்கே இருக்கிற நேர்யுங்கிரி என்ற ஊரில் ஏறி, லார்ச் காடுகளுக்கு நடுவே மெதுவாக வந்து, கடைசி ஸ்டேஷனில் இறங்கினோம். பெயர்ப்பலகையில் 'நீஷ்னி பெஸ்த்யாக்' என்று இருந்தது. யாகுட்ஸ்க் எங்கே என்று பார்த்தால், ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

வரைபடத்தில் இரண்டு ஊரும் ஒட்டிக்கொண்டு இருக்கும். கிழக்குக் கரையில் ரயிலும், தெற்கே போகிற நெடுஞ்சாலையும், 2,000 கிலோமீட்டர் தாண்டி மகதான் வரை போகிற கோலிமா சாலையும் வந்து சேர்கின்றன. மேற்குக் கரையில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் மக்கள் இருக்கிற யாகுட்ஸ்க், ரஷ்யாவுக்குள் இருக்கிற சகா குடியரசின் தலைநகரம். நடுவே, தீவுகளும் மணல்திட்டுகளும் கிளைகளுமாகப் பல கிலோமீட்டர் அகலத்துக்கு லேனா. பாலம் கிடையாது. 2021-ல்தான் தபாகா என்ற இடத்தில் வேலை தொடங்கியிருக்கிறார்கள். கோடையில் வண்டிகளை ஏற்றிக்கொண்டு பெரிய படகு போகும். குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே சாலை போட்டுவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே, காற்று மெத்தை மேல் சறுக்கிப் போகிற ஹோவர்கிராஃப்ட். அங்கே அதை 'பதூஷ்கா' என்கிறார்கள். தலையணை என்று அர்த்தம்.

ஸ்டேஷன் வாசலில் நின்ற டாக்சிக்காரரிடம் தம்பி யாகுட்ஸ்க் போக வேண்டும் என்றான். அவர் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டி ஒரே சொல் சொன்னார்: "லெதஹோத்." உறைந்த ஆறு உடைந்து, பனிக்கட்டி முழுக்கக் கிளம்பிப் போகிற நாட்களுக்கு அந்தப் பெயர். அந்த நாட்களில் பதூஷ்காவும் ஓடாது. எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் அம்மா வீட்டுக்கே கூட்டிப்போனார். கோடையில் டாக்சியும் குளிர்காலத்தில் பனிச்சாலையில் லாரியும் ஓட்டுகிறவர் அவர்.

அந்த அம்மாவுக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். சகா இனத்தவர். உள்ளே போனதும் அவர் முதலில் சொன்னதை மகன் ரஷ்ய மொழியில் சொல்ல, தம்பி எனக்குத் தமிழில் சொன்னான்: "பாட்டி இன்னிக்குக் காலையிலதான் கிளம்பினாங்களாம். வழி விட்டுட்டுத்தான் நாம போகணுமாம்." வீட்டில் இன்னொரு மூதாட்டி இருந்து வெளியூர் போயிருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் விளங்கியது. சகா மொழியில் 'எபே' என்றால் பாட்டி. பெரிய ஆற்றையும் ஏரியையும் பெயர் சொல்லாமல் எபே என்றுதான் மரியாதையாகச் சொல்வார்கள். அன்று முதல் நானும் அந்த அம்மாவை எபே என்று கூப்பிட்டேன். அவர் ஆற்றை எபே என்றார்.

கொல்லையில் தரையோடு தரையாக ஒரு மரக்கதவு. திறந்தால் ஏணி. உள்ளே இறங்கினால் சுவரெல்லாம் வெள்ளையாகப் பனி பூத்த ஒரு நிலவறை. 'புளூஸ்' என்பார்கள். மின்சாரம் எதுவும் இல்லை, நிலமே குளிர்ப்பெட்டி. மீனும் மாட்டிறைச்சியும் ஒரு பக்கம் இருக்க, மறுபக்கம் செங்கல் அடுக்கியது போலப் பனிக்கட்டிப் பாளங்கள். ஆறு உறைந்த புதிதில், நவம்பரில் அறுத்தெடுத்தவை. கோடைக்கும் குடிநீர் அதுதான். எபே கையளவு கட்டியைக் கோடரியால் தட்டி எடுத்து, துணியால் துடைத்து, கெட்டிலில் போட்டார். எந்த வாசனையும் இல்லாத அந்தத் தண்ணீரில் போட்ட தேநீரை, நான் பாடம் நடத்திய ஆற்றின் முதல் வாய் என்று நினைத்துக்கொண்டே குடித்தேன்.

'நிரந்தர உறைநிலம்' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அது என்ன செய்யும் என்பதை அந்தப் புளூஸில்தான் தொட்டுப் பார்த்தேன். யாகுட்ஸ்கில் ஷெர்கின் என்ற வியாபாரி 1828-லிருந்து 1837 வரை கிணறு வெட்டச் சொல்லி 116 மீட்டர் ஆழம் போனார். அடி வரைக்கும் உறைந்த மண்தான். தண்ணீர் வரவே இல்லை. அந்தக் குழி இன்றைக்கும் இருக்கிறது. லேனாவின் படுகை சுமார் 24.9 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவின் பரப்பில் முக்கால் பங்கு. அதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட நிலம். மழையும் பனி உருகிய நீரும் மண்ணுக்குள் இறங்க வழியில்லை. அப்படியே ஆற்றுக்கு வந்துவிடும். குளிர்காலத்தில் சிறிய கிளையாறுகள் அடி வரைக்கும் உறைந்து நின்றுவிடும். அதனால் கீழ்ப்பகுதியில் ஏப்ரல் மாதம் விநாடிக்கு ஏறக்குறைய 2,000 கனமீட்டர் அளவுக்கு மெலிந்து கிடக்கிற அதே ஆறு, ஜூனில் 60,000-ஐத் தாண்டுகிறது. சராசரி இவ்வளவு என்று பாடப்புத்தகத்தில் ஓர் எண் இருக்கும். அந்தச் சராசரி வருடத்தில் எந்த நாளும் ஆற்றில் தங்குவதில்லை. முப்பத்திரண்டு வருடம் அந்த எண்ணைத்தான் எழுதிப் போட்டேன். இப்போது நினைத்தாலும் மனசு உறுத்துகிறது.

மறுநாள் கரைக்குப் போனோம். பனிச்சாலை தொடங்குகிற இடத்தில், எத்தனை டன் வரை போகலாம் என்று எழுதிய பலகை அப்படியே நின்றது. பலகைக்குப் பின்னால் சாலை இல்லை. பழுப்புத் தண்ணீரும், அதன் மேல் ஒன்றை ஒன்று இடித்து ஏறி உருண்டு போகிற பாளங்களும்தான். சத்தத்தை எப்படிச் சொல்வது? தூரத்தில் சரக்கு ரயில் போவது போல அடிநாதம் ஒன்று நிற்காமல் ஓடியது. அதன் மேல் அவ்வப்போது மரம் முறிவது போல ஒரு வெடிப்பு. வேரோடு பிடுங்கிய லார்ச் மரங்கள் நிமிர்ந்தபடியே போயின.

கரையில் ஆட்டோ அளவுக்கு ஒரு பாளம் ஏறிக் கிடந்தது. ஒரு மீட்டருக்கும் மேல் கனம். எபேயின் மகன் பூட்ஸ் காலால் அதன் விளிம்பை ஓர் உதை உதைத்தார். கல் போல இருந்த பாளத்தின் ஓரம் அப்படியே கலைந்து, விரல் தடிமனில் முழ நீளக் கண்ணாடிக் குச்சிகளாகச் சரிந்து கொட்டியது. நூறு கண்ணாடி வளையல் ஒரே நேரத்தில் கொட்டுகிற ஓசை. வசந்த வெயிலில் பனிக்கட்டி மேலிருந்து மட்டும் உருகுவதில்லை; உள்ளேயே செங்குத்தாகப் பிளந்து ஊசிகளாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு குச்சியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நுனி முதல் அடி வரை ஒரே படிகம், ஒரு குமிழிகூட இல்லை.

அவர் அதை அழகுக்காகக் காட்டவில்லை. "ஏப்ரலில் கனத்தை மட்டும் அளந்துவிட்டு இறங்குகிறவன் இதில்தான் சாகிறான்" என்றார். குளிரில் இறுகிய பாளமும் வெயிலில் ஊசியாகப் பிரிந்த பாளமும் ஒரே கனம் இருக்கலாம், ஒரே பலம் இருக்காது. பனிச்சாலையில் அவர் கடைப்பிடிக்கிற முறைகளையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். நெடுஞ்சாலையில் போடச் சொல்கிற சீட் பெல்ட்டை அங்கே கழற்றச் சொல்கிறார்கள்; வண்டி இறங்கினால் சட்டென்று வெளியே குதிக்க வேண்டும். முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் நல்ல இடைவெளி வேண்டும். நடுவழியில் நிறுத்தக் கூடாது. வேகமும் கூடாது, வண்டியின் பாரத்தில் பனித்தளம் அமுங்கி, அடியில் இருக்கிற தண்ணீரில் அலை கிளம்பி வண்டியோடு சேர்ந்து ஓடுமாம். வேகம் தப்பினால் அந்த அலையே தளத்தை உடைத்துவிடும். அதிகாரபூர்வமாகச் சாலையை மூடிய பிறகு 'இன்னும் தாங்கும்' என்று யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள் என்றார்.

அன்று மாலை நான் ஒரு தப்பு செய்தேன். படம் எடுப்பதற்காகக் கரையின் விளிம்புக்கே போய் நின்றேன். புல் முளைத்த திடமான தரை, ஆற்றுக்கு இரண்டு ஆள் உயரம் மேலே. பின்னாலிருந்து எபே போட்ட சத்தத்தில் நடுங்கிப் போனேன். ஓடி வந்து என் கோட்டைப் பிடித்து இழுத்தார். மறுநாள் காலையில் அதே இடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். நான் நின்ற இடம் இல்லை. புல்லோடு ஒரு துண்டு நிலம் கீழே சரிந்து கிடந்தது. வெள்ளம் உறைநிலக் கரையை அடியில் உருக்கிக் குடைந்துவிடுகிறது; மேலே பார்த்தால் தெரியாது. வடக்கு ஆறுகள் எதற்குப் போனாலும் இதை மறக்காதீர்கள். உடைப்பு நாட்களில் கரை விளிம்பு என்பது தரை அல்ல.

வடக்கே ஓடுவதன் விஷயத்துக்கு வருகிறேன். லேனா பிறக்கிற இடம் பைக்கால் ஏரிக்குச் சுமார் 7 கிலோமீட்டர் தூரத்தில். நடுவே மலை நிற்பதால் ஏரியில் விழாமல் மறுபக்கம் இறங்கிவிடுகிறது. தெற்கே இருக்கிற தலைப்பகுதியில் வசந்தம் முதலில் வரும். அங்கே பனி உருகி வெள்ளம் கிளம்பும்போது, வடக்கே ஆறு இன்னும் கல்லாக உறைந்து கிடக்கும். ஓடி வருகிற பாளங்கள் வளைவிலோ தீவு முனையிலோ உறைந்த தளத்தில் முட்டி, ஒன்றன் மேல் ஒன்று ஏறி, ஒரே நாளில் தானாக ஓர் அணை கட்டிவிடும். தண்ணீர் பின்னால் ஏறும். 2001 மே மாதம், யாகுட்ஸ்குக்கு முன்னால் ஆறு வருகிற பக்கத்தில் இருக்கிற லென்ஸ்க் நகரத்தில் அதுதான் நடந்தது. நீர்மட்டம் 20 மீட்டர் அளவுக்கு உயர்ந்து ஊரே மூழ்கியது. அடைப்பை உடைக்க விமானங்களிலிருந்து குண்டு வீசினார்கள். ஊரை மறுபடி கட்ட வேண்டியிருந்தது. இப்போது ஒவ்வொரு வசந்தத்திலும் அடைப்பு விழக்கூடிய இடங்களில் முன்கூட்டியே பனித்தளத்தை அறுத்துவிடுகிறார்கள்; வெயிலை இழுப்பதற்காகக் கரித்தூள் தூவிக் கருப்பாக்குகிறார்கள்.

எபே வீட்டில் வானொலியில் சொல்கிற நீர்மட்டத்தை மூன்று வேளையும் கேட்டார்கள். மேல்பக்கத்து ஊர்களின் பெயர்கள் வரிசையாக வரும்: கீரென்ஸ்க், லென்ஸ்க், ஒலேக்மின்ஸ்க், பக்ரோவ்ஸ்க். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கேட்டுவிட்டு எபே தலையசைப்பார், அல்லது அசைக்க மாட்டார். அந்த வரிசை எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வகுப்பில் நான் கேட்டு வாங்கிய மனப்பாடம் எதுவும் இப்படி வயிற்றைக் கலக்கியதில்லை.

மூன்றாம் நாள் தம்பியின் சர்க்கரை மாத்திரை தீரப்போகிறது என்று தெரிந்தது. பெரிய பெட்டியில் இருந்த மீதியை, சாமானோடு முன்னதாகவே யாகுட்ஸ்க் விடுதிக்கு அனுப்பியிருந்தோம். அதுதான் நாங்கள் செய்த பெரிய முட்டாள்தனம். மருந்துக்கடையில் நம் ஊர் அட்டையைக் காட்டினால் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருந்த மூலமருந்தின் பெயரை, மெட்ஃபார்மின் என்று, தம்பி ரஷ்ய எழுத்தில் எழுதிக் கொடுத்ததும் எடுத்துக் கொடுத்தார்கள். மாத்திரைகளின் மூலமருந்துப் பெயரையும் அளவையும் போகிற நாட்டு எழுத்தில் ஒரு தாளில் எழுதி, பர்சிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மருந்து முழுவதும் கைப்பையில், உங்கள் தோளில் இருக்கட்டும். பணமும் அப்படித்தான். நம் ஊர் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச்சுக்குப் பிறகு ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. கையில் ரூபிள் இல்லாமல் போயிருந்தால் அந்த ஐந்து நாளை எப்படிக் கழித்திருப்போம் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

நான்காம் நாள் ஓட்டம் இளைத்தது. பாளங்களுக்கு நடுவே தண்ணீர் அகலமாகத் தெரிந்தது. எபே காலையிலேயே 'அலாதி' சுட்டார். நம் ஊர் ஊத்தப்பத்தைச் சின்னதாக்கி எண்ணெயில் பொரித்தது போல இருக்கும். முதலில் சுட்டதை நாங்கள் தொடவில்லை. துணியில் கட்டிக் கரைக்கு எடுத்துப்போய், அவர் சகா மொழியில் தணிந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக ஆற்றில் விட்டார். என்னிடமும் ஒன்று தந்தார். கையில் சூடு இருந்தது. விளிம்பிலிருந்து நான்கு அடி தள்ளி நின்று வீசினேன். அது ஒரு பாளத்தின் மேல் விழுந்து, அப்படியே வடக்கே போயிற்று.

ஐந்தாம் நாள் பதூஷ்கா ஓடத் தொடங்கியது. இரைச்சலும் நீர்த்தூவலுமாக அக்கரை சேர்ந்தோம். யாகுட்ஸ்கில் ஊன்றுகால் மேல் நிற்கிற வீடுகளையும், தரைக்கு மேலேயே ஓடுகிற குழாய்களையும், பிறகு படகில் போய் லேனாத் தூண்களையும் பார்த்தோம். அந்தச் சுண்ணாம்புப் பாறை வரிசை 2012 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, படங்களும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அதனால் அதைப் பற்றி இங்கே நீட்டவில்லை.

மறுவருடம் ஜூலைக் கடைசியில் இன்னொரு முறை போனோம். இந்தத் தடவை முதலில் காலண்டரைப் பார்த்துவிட்டு, பிறகுதான் வரைபடத்தை விரித்தோம். யாகுட்ஸ்கிலிருந்து கப்பலில், ஆற்றோட்டத்தோடு சுமார் 1,700 கிலோமீட்டர் வடக்கே போனால் வருகிற திக்ஸி துறைமுகம் வரை. அது எல்லைப் பகுதி. வெளிநாட்டவருக்குத் தனி அனுமதி வேண்டும். பல மாதம் முன்னாலேயே விண்ணப்பிக்க வேண்டும். விசா கையில் இருந்தால் போதும் என்று கிளம்பிவிடாதீர்கள். கொசுவுக்குத் தலையையும் முகத்தையும் மூடுகிற வலை கட்டாயம். களிம்பு மட்டும் பூசிக்கொண்டு கரையில் இறங்கியவர்கள் பத்து நிமிடத்தில் கப்பலுக்கே திரும்பிவிட்டார்கள்.

அல்தான் ஆறு வலப்பக்கம் வந்து கலந்ததும் லேனா ஒரு கடல்துண்டு போல விரிகிறது. தீவுகளுக்கு அப்பால் கரை கண்ணுக்கே தெரியாத இடங்கள் உண்டு. ஆனால் கப்பல் நேராகப் போகாது. ஒரு கரையை ஒட்டிப் போய், திடீரென்று குறுக்கே திரும்பி மறுகரைக்கு வரும். அகலம் அவ்வளவு இருந்தும் ஆழம் ஒரு தடத்தில்தான் இருக்கிறது. மிதவைகளைப் பார்த்து அந்தத் தடத்தைப் பிடித்தே போகிறார்கள். ஒவ்வொரு வெள்ளமும் மணலை இடம் மாற்றிவிடும். என் போனில் இருந்த வரைபடம் தீவு என்று காட்டிய இடத்தில் நாங்கள் இரண்டு முறை தண்ணீரில் போய்க்கொண்டிருந்தோம்.

ஷிகான்ஸ்க் வந்தபோது ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டியிருந்தோம். வலது கரையில் வெர்கயான்ஸ்க் மலைத்தொடர், பள்ளங்களில் போன வருடப் பனியோடு. லார்ச் மரங்கள் நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டே வந்தன. அவ்வளவு அகலமான ஆறு, கழிமுகத்துக்கு முன்னால் மலைகளுக்கு நடுவே இரண்டு மூன்று கிலோமீட்டராகச் சுருங்குகிறது. மாலுமிகள் அதை 'லேனாக் குழாய்' என்கிறார்கள். அங்கே இருக்கிற தீத்-ஆரி தீவில் கடைசி லார்ச்சுகள். 1942-ல் லித்துவேனியாவிலிருந்து நாடுகடத்திக் கொண்டுவந்து, மீன்பிடிக்க என்று இறக்கிவிடப்பட்டவர்களின் கல்லறைகளும் அங்கேதான். மரம் என் தோள் உயரம்கூட இல்லை. குழந்தைகளோடு வந்தவர்கள் இங்கே முதல் குளிர்காலத்தை எப்படிப் பார்த்திருப்பார்கள்? கப்பலில் அன்று இரவு யாரும் அதிகம் பேசவில்லை.

குழாய் முடிகிற இடத்தில் ஸ்தோல்ப் என்ற பாறைத்தீவு, 104 மீட்டர் உயரத்தில் ஆற்றின் நடுவே நிற்கிறது. அதைத் தாண்டியதும் லேனா விசிறியாகப் பிரிகிறது. ஏறக்குறைய 30,000 சதுர கிலோமீட்டர் கழிமுகம். தண்ணீரில் பெரும்பங்கு திரஃபீமவ் கிளையில் போகிறது; கப்பல் போவது பிக்கவ் கிளையில். தண்ணீர் அதிகமாகப் போகிற கிளையே கப்பலுக்கு வழி என்று நினைத்தால் மணலில்தான் ஏற வேண்டியிருக்கும். 1881-ல் ஜெனெட் என்ற அமெரிக்கக் கப்பல் பனிக்கடலில் நொறுங்கி, அதன் தலைவர் டி லாங் தன் ஆட்களோடு படகில் இந்தக் கழிமுகத்தில்தான் வந்து கரையேறினார். கையில் இருந்த வரைபடத்தில் இத்தனை கிளைகள் இல்லை. கிளைக்குக் கிளை அலைந்து, பசியிலும் குளிரிலும் அவரும் கூட இருந்தவர்களும் இறந்தார்கள். உதவி தேடி முன்னால் அனுப்பப்பட்ட இருவர் மட்டும் அந்தக் குழுவில் பிழைத்தார்கள். மேல்தளத்தில் நின்று பார்த்தபோது எல்லாக் கிளையும் ஒரே மாதிரிதான் இருந்தது: தாழ்ந்த கரை, சேறு, பாசி, அதற்கு மேல் வானம்.

கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மார்ச்சில் போனால் சாலை, ஜூலையில் போனால் கப்பல். மே பிற்பாதியிலும் அக்டோபர் நவம்பரிலும் போவதென்றால், கையில் ஒரு வாரம் உபரியாக வைத்துக்கொண்டு போங்கள். நகரத்தின் பெயரைப் பார்த்து டிக்கெட் எடுக்காமல், ஸ்டேஷன் எந்தக் கரையில் என்று பாருங்கள். அங்கே இருக்கிறவர்கள் 'இன்று வேண்டாம்' என்றால் ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

போன வருடம் மே மாதம் ஒருநாள் விடியற்காலையில் எபேயின் மகனிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. பன்னிரண்டு விநாடி. அதே கரை, அதே எடைப் பலகை, பின்னால் அந்தச் சரக்கு ரயில் சத்தம். விளிம்பிலிருந்து தள்ளி எபே நிற்கிறார், கையில் துணி மூட்டை. கீழே ஒரு வரி. தம்பிக்கு அனுப்பி மொழிபெயர்க்கச் சொன்னேன். "பாட்டி நாலரை மணிக்குக் கிளம்பிட்டாங்களாம்க்கா" என்றான். தேதியையும் நேரத்தையும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.